இடது கட்டைவிரல்

“...ஆர்டர் குடுத்த பையரே சாம்பிளப் பாத்து, சீல் வச்சு, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டான். பிரிண்டிங்காரருக்குத் தப்பாத் தெரியல. ஆபீஸ்ல ஆருக்கும் தப்பாத் தெரியல. உங்களுக்கு மட்டும் எப்படீங்க அம்மணி தப்புன்னு தெரியுது?” என்று கேட்டார் எங்கள் முதலாளி.

நியாயமான கேள்விதான். பதிலும் என்னிடம் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் வேலை போய்விடும் என்பதுதான் ஒரு சின்னத் தடங்கல்.

எங்களுக்கு நடுவில் செக்கிங் டேபிள். அதன்மேல் ஒரு குழந்தை டி-ஷர்ட்டின் முன்பாகம், வெட்டிப் பிரிண்ட் அடித்து வந்தது. நெஞ்சில் பெரிதாக ஒரு வீடியோ கேம் ரிமோட் படம். இரண்டு கையாலும் பிடித்து, கட்டைவிரலால் அமுக்கி விளையாடுகிற அந்தச் சாமானுக்குக் கடைக்காரர்கள் வேறு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் அது என்றைக்கும் ரிமோட்தான்.

அந்த ரிமோட்டில் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன் இருக்கும். ஆளை நடக்க வைப்பது அது. இன்னொரு பக்கம் நாலு வட்டப் பட்டன் இருக்கும். குதிக்க, சுட. உலகம் பூராவும் கூட்டல் குறி இடது கைப்பக்கம், வட்டங்கள் வலது கைப்பக்கம். எங்கள் டி-ஷர்ட்டில் கூட்டல் குறி வலது பக்கம் உட்கார்ந்திருந்தது. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி.

வந்திருந்தது முதல் லாட் மட்டும். மீதி ஆர்டர் முழுக்க அன்று மதியம் பிரிண்டிங் மிஷினில் ஏற வேண்டும். ஏறிவிட்டால் அவ்வளவுதான். அடித்த மையை அழிக்க எந்தச் சாமியாலும் ஆகாது.

“சொல்லுங்க அம்மணி, எப்படித் தெரியும்?” என்றார் முதலாளி மறுபடியும்.

நான் நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்து, இல்லாத பிசிறை வெட்டினேன்.

ஏன் அப்படி ஊமையாக நின்றேன் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. போன வாரம் தண்ணி லாரிக் கதையைப் படித்துவிட்டு, “விஷயத்துக்கு வர இத்தனை பத்தியா?” என்று கடிதம் போட்ட வாசகர், இந்த இடத்தில் எழுந்து போய் நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

துணி ரோல் மேல் ஒரு கொலைகாரி

நான் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வருகிற பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாவற்றையும் நாற்பது பெண்கள் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கிறார்களா என்று நான் பார்ப்பேன். நான் பார்க்கிறேனா என்று முதலாளி பார்ப்பார்.

காலையில் உள்ளே வரும்போது எல்லாரும் போனை வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவரச் சொல்லி முதலாளியிடம் போய் நின்ற புண்ணியவதி நான்தான். “பொண்ணுக போனப் பாத்துட்டே ஓட்டைய உட்டுர்றாளுகங்க” என்று நானே வாயால் சொன்னேன். எடுத்துக்காட்டாக இருக்க வேண்டாமா? முதல் ஆளாக என் போனையும் டப்பாவில் போடுவேன். சார்ஜ் ஏறாத என் பழைய பட்டன் போனை.

நல்ல போன் இடுப்பில் இருக்கும்.

இந்த டி-ஷர்ட் விவகாரத்துக்குப் பத்து நாள் முன்னால், டீ நேரத்தில், துணி குடோனில் ரோல்களுக்கு நடுவே உட்கார்ந்து நாலைந்து பேரைச் சுட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே குரல் கேட்டது.

“ஏனுங்க அம்மணி, எல்லாத்தையும் கொன்னு முடிச்சாச்சுங்களா?”

“இன்னும் ரெண்டு பேருதானுங்க பாக்கி” என்று சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தேன். முதலாளி.

“பாவம் அந்த ரெண்டு பேரு, பொழச்சுப் போகட்டுமுங்க” என்றார். “புள்ளைங்க போன வாங்கி டப்பாவுல போட்டுப்போட்டு, நீங்க இங்க வந்து சண்டைக்கு நிக்கறீங்க. செரீங்க. இன்னொருக்கா கேமு கீமுங்கற பேச்சு என்ற காதுல உழுந்துச்சுன்னா, நீங்க ஊட்டுலயே நிம்மதியா உக்காந்து வெளையாடலாமுங்க.”

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால், எவ்வளவு மரியாதையான மனிதர் என்பார்கள். எங்கள் பக்கத்தில் வேலையை விட்டு நிறுத்துவதை இப்படித்தான் சொல்வார்கள். ‘ங்க’ எத்தனை விழுகிறது என்று எண்ணினால் கோபம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அன்றைக்கு நான் எண்ணிக்கொண்டே வந்து பாதியில் விட்டுவிட்டேன்.

சொருகாத ஒயர்

விளையாட்டு வினையாகும் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் ஒரு தடவைகூட ஜெயித்திருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

என் வினை ஒரு தீபாவளி போனஸில் ஆரம்பித்தது. அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போனஸ் வந்ததும் அம்மாவுக்கு மிக்ஸி என்று பேச்சு. எங்கள் அண்ணன் இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்து, மிக்ஸியை டி.வி. கேமாக மாற்றிவிட்டான்.

“மிக்ஸின்னா மொளகா அரைக்கும். இது என்னத்தடா அரைக்கும்?” என்றாள் அம்மா.

“உன்ற மகன் மூளையத்தான்” என்றார் அப்பா. அதற்குமேல் அரைக்க அதில் ஒன்றும் இல்லை என்பது பரீட்சை முடிவு வந்தபோது தெரிந்தது.

கறுப்புப் பெட்டி, மஞ்சள் கேசட். கேசட்டின் மேல் ஒன்பது லட்சத்துச் சொச்சம் ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். உள்ளே இருந்தது ஆறு. ஒரே கார் பந்தயம், காரின் கலரை மாற்றி மாற்றி மூவாயிரம் தடவை வரும். பின்னாளில் ஒரே பனியனை ஆறு கலரில் அடித்து ஆறு ஸ்டைல் என்று விற்கிற தொழிலுக்கு வந்தபோது, எனக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

பெட்டியோடு இரண்டு ரிமோட் வந்தது. இரண்டாவதை அண்ணன் பெருந்தன்மையாக என் கையில் கொடுத்தான். “அந்தப் பச்சைக் காரு நீதான். ஓட்டு.”

தீபாவளியிலிருந்து பொங்கல் வரைக்கும் நான் பச்சைக் காராக வாழ்ந்தேன். அமுக்கிய அமுக்கில் கட்டைவிரல் சிவந்துபோகும். சில நாள் ஜெயிப்பேன். தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க டி.வி.யை நகர்த்தினபோதுதான் பார்த்தேன். என் ரிமோட்டின் ஒயர் எங்கேயும் சொருகவில்லை. பாய்க்கு அடியில் சுருண்டு படுத்துக் கிடந்தது.

“ஏண்டா இப்படிப் பண்ணின?” என்று அழுதேன்.

“நல்லாத்தான ஓட்டின?” என்றான் அண்ணன்.

அதற்குப் பிறகு எத்தனையோ மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன். “உங்க கருத்தச் சொல்லுங்க” என்று என் பக்கம் திரும்புவார்கள். சொல்வேன். தலையாட்டிக் கேட்பார்கள். முன்பே முடிவெடுத்த வழியில் பச்சைக் கார் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தப் பாய்தான் ஞாபகம் வரும்.

அண்ணன் டியூஷன் போகிற நேரமாகப் பார்த்து, ஒயரை நானே சொருகிப் பழகினேன். அடுத்த தீபாவளிக்குள் அந்த ஊரில் என்னை ஜெயிக்க ஆளில்லை. ஊருக்கு அது தெரியாது என்பதுதான் குறை.

பாம்புக்குப் பசி

கல்யாணமாகி வந்த வீட்டில் டி.வி. கேம் கிடையாது. எங்கூட்டுக்காரரிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. அதில் ஒரு பாம்பு இருந்தது.

புள்ளியைத் தின்னத் தின்ன நீளமாகும். தன் வாலைத் தானே கடித்தால் செத்துப்போகும். பேராசைக்காரனுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அவர் குளிக்கப் போனதும் எடுத்தால், துண்டு கேட்டுக் கூப்பிடும்வரை விளையாடலாம். பாம்பு நீளமாக இருக்கும் நாட்களில் துண்டு வர நேரமாகும்.

“ஏம் புள்ள, சார்ஜ் போட்டுட்டுத்தான குளிக்கப் போனேன்? அதுக்குள்ள எங்க போச்சு?”

“சிக்னல் தேடியிருக்குமுங்க.”

நல்ல மனுசன். நம்பினார். இரண்டு தடவை கடையில் கொடுத்து பேட்டரி மாற்றினார். இந்த வாரம் இதைப் படிப்பார். படித்துவிட்டு ஏதாவது கேட்டால் அடுத்த பத்தியையும் படிக்கச் சொல்வதாக இருக்கிறேன்.

அது கண்களைப் பற்றியது. “போன்ல வெளையாடாத, கண்ணு கெட்டுப்போகும்” என்று அவரும் சொல்வார், என் மாமியாரும் சொல்வார், பக்கத்து வீட்டுப் பெருமாளும் சொல்வார். நான் நாளெல்லாம் ட்யூப்லைட்டுக்கு அடியில் நின்று, வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிறவள். அதில் கெடாத கண், பத்து நிமிஷம் போன் பார்த்ததும் கெட்டுவிடுமாம். சம்பளம் கிடைத்தால் கண் கெடாது போலிருக்கிறது.

நாலு வார்த்தை இந்தி

பிறகு பெரிய போன் வந்தது. கலர் கலராக மிட்டாய் உடைக்கிற ஆட்டங்கள் வந்தன. அதில் ‘உயிர் தீர்ந்துவிட்டது, அரைமணி நேரம் கழித்து வாருங்கள்’ என்று சொல்வார்கள். விளையாடுவதற்கு டோக்கன் வாங்கிக் காத்திருந்த முதல் தலைமுறை நாங்கள்தான். தினமும் தவறாமல் வந்தால் ஒரு வைரம் கொடுப்பார்கள். எங்கள் கம்பெனியில் லீவு போடாமல் வந்தால் ஒரு குடம் கொடுப்பார்கள். குடத்திலாவது தண்ணீர் பிடிக்கலாம்.

துப்பாக்கி ஆட்டத்துக்கு என்னை இழுத்துவிட்டது பிங்கி. எங்கள் செக்கிங்கில் இருக்கிற ஜார்க்கண்ட் பெண். வந்த புதிதில் அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்குக் காய்ச்சல் மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தேன். போர்வைக்குள் படுத்துக்கொண்டு அவள் தனி ஆளாக ஒரு தீவையே காலி செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை.

பீச்சே, ஜல்தி, பச்சாவ், மர் கயா. பின்னால் ஆள், சீக்கிரம், காப்பாத்து, செத்தான். இந்த நாலு வார்த்தை இந்தியை வைத்து நாங்கள் இரண்டு வருஷமாகச் சிநேகமாக இருக்கிறோம். ஒரே மொழி பேசுகிற என் நாத்தனாரோடு இந்த அளவுக்குப் பேச்சு கிடையாது.

சரி, டீ குடிக்கப் போனவர் வந்துவிட்டாரா?

போட்டவன் பக்கம்

முதலாளி கேட்டுவிட்டு நிற்கிறார். நான் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் பிரிண்டிங் மாஸ்டர் துரை. தெற்குச் சீமைக்காரர். வேலையில் சுத்தம், ரோஷம் அதைவிடச் சுத்தம்.

“என்னக்கா சொல்லுதிய நீங்க?” என்றார் துரை. “ஆர்டர் சீட்டுல கூட்டல் குறி இடது பக்கம் வரணும்னு எழுதியிருக்கான். பனியன்ல இடதுன்னா என்ன? போட்டிருக்கவனுக்கு இடது. நெஞ்சுல பாக்கெட் வைக்கிறோம், லேபிள் வைக்கிறோம், எல்லாம் போட்டவன் பக்கம் இருந்து பாத்துதான வைக்கிறோம்? பையர் அனுப்புன படம் மாறி வந்திருந்துச்சு. நாந்தான் ஃபிலிமத் திருப்பிப் போட்டுச் சரி பண்ணேன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தப்பு நடந்தது கவனக் குறைவால் இல்லை. ஒழுங்காகத் தொழில் தெரிந்ததால் நடந்தது. பனியன் தொழிலில் எதையும் போட்டவன் பக்கமிருந்துதான் பார்க்க வேண்டும் என்பது வேதம். துரை வேதப்படி திருப்பினார். சாம்பிளுக்குச் சீல் வைத்த ஆளும் அதே வேதம் படித்தவர், இடது பக்கம் இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிறது என்று வைத்துவிட்டார். சட்டையைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். ரிமோட்டைப் பிடித்தவர் ஒருவரும் பார்க்கவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். சாம்பிளில் எப்படியோ அப்படி, சீல் இருக்கிறது, என் தலைக்கு ஒன்றும் வராது. ஆனால் எங்கோ ஒரு குழந்தை இதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். நாலு குழந்தைகள் சேர்ந்து சிரிக்கும். இரண்டு மாதம் சொருகாத ஒயரைப் பிடித்திருந்தவளுக்கு, ஊர் முன்னால் ஏமாளியாக நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியும். பிள்ளைகள் சிரித்தால் கடைக்காரன் திருப்பி அனுப்புவான். அப்புறம் பையர் அடுத்த ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுப்பான். இந்த நாற்பது பேரும் நானும் டேபிள் காலியாக இருக்க, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

“வெளையாடித்தானுங்க தெரியும்” என்றேன்.

ஃப்ளோரில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் துணியை மடிப்பதை நிறுத்தினார்கள்.

“என்னதுங்க?”

“முப்பது வருசமா வெளையாடறனுங்க. நடக்கறதுக்கு எடது கட்டவெரலுங்க. கையில புடிக்கற சாமானைப் போட்டவன் பக்கம் இருந்து பாக்கக் கூடாதுங்க, புடிச்சவன் பக்கம் இருந்து பாக்கோணும். நீங்க என்னய ஊட்டுக்குப் போகச் சொன்னாலும் செரி, இதைய மிஷின்ல ஏத்தாதீங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டப் போகிறவர் கண்ணாடி துடைத்தால் திட்டு பெரிதாக இருக்கும் என்பது எங்கள் அனுபவம். ஆனால் அவர் திரும்பியது மற்றவர்கள் பக்கம்.

“இந்தக் கேமு வெளையாடறவீங்க ஆரெல்லாம் இருக்கறீங்க? கையத் தூக்குங்க.”

ஒருவரும் தூக்கவில்லை. எங்கள் ஃப்ளோரில் அத்தனை பேரும் கோயிலுக்கும் வேலைக்கும் தவிர வேறெங்கும் போகாத உத்தமிகள் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. தேய்ப்பு டேபிள் ஆண்கள் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தார்கள். பிங்கி என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன்.

ஓடுங்க!

முதலாளி லேசுப்பட்டவரா? பத்து மிஷினில் ஆரம்பித்து இந்த நிலைமைக்கு வந்தவர். பிரிண்ட் துணியைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையை முன்னால் நீட்டி, இரண்டு கையாலும் எதையோ பிடித்திருப்பது மாதிரி வைத்துக்கொண்டார்.

“எல்லாரும் இப்படிப் புடிங்க பாக்கலாம்.”

சொன்னால் செய்கிற கூட்டம்தானே? பிடித்தார்கள்.

“பின்னால ஒருத்தன் துப்பாக்கியோட வர்றானுங்க” என்றார். திடீரென்று குரலை உயர்த்தினார். “ஓடுங்க!”

நாற்பது இடது கட்டைவிரல்கள் காற்றை அமுக்கின.

தேய்ப்பு டேபிளில் இருந்த ஆறு விரல்களும்தான். வாசலில் டப்பாவுக்குக் காவல் இருக்கிற வாட்ச்மேனின் விரலும்தான். பிங்கி “பீச்சே! பீச்சே!” என்று கத்தியே விட்டாள். ஒரே ஒரு வலது கட்டைவிரல்கூட இல்லை. விஷயம் என்னவென்று உறைத்ததும் எல்லாக் கையும் முந்தானைக்குள் போனது.

முதலாளி நாற்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “நல்லா ஓடறீங்க சாமி” என்றார். “வேல நேரத்துல ஒருத்தரும் இந்த ஓட்டம் ஓடி நான் பாக்கலியே!”

துரை மட்டும் அசையவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கையில் சீல் வைத்த சாம்பிள் இருக்கிறது. எங்களிடம் இருப்பது காற்றில் ஆடிய கட்டைவிரல்.

“மொதலாளி, எனக்கு மிஷின நிறுத்தணும்னா ஹோல்டு சீட்டு வேணும்” என்றார். “வேணாம்னு சொன்னது யாருன்னு அதுல கையெழுத்து வேணும். நாளைக்கு ஷிப்மெண்ட் லேட்டாச்சுன்னா, சாம்பிள் சரிதான், நீ எதுக்குவே நிறுத்தினேன்னு என்னயத்தான் கேப்பாங்க.”

ஹோல்டு சீட்டு என்பது ஒரு மஞ்சள் காகிதம். வேலையை நிறுத்துகிறவர் காரணத்தை எழுதி, பெயர் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். நிறுத்தியது சரியென்றால் அந்தக் காகிதத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தப்பென்றால் முதலில் தேடுவது அதைத்தான். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையை இழந்த இரண்டு சூப்பர்வைசர்களை எனக்குத் தெரியும். முதலாளிகள் அதில் போடுவது வழக்கமில்லை. கைகாட்ட ஒரு ஆள் வேண்டுமே, அதற்குத்தானே சீட்டே!

பேனாவை எடுத்தேன். காரணம் என்கிற இடத்தில் ‘படம் திரும்பியுள்ளது’ என்று எழுதினேன். எப்படித் தெரிந்தது என்று எழுத அந்தக் காகிதத்தில் இடமில்லை, பிழைத்தேன். பெயர் எழுதினேன். வலது கை கையெழுத்துப் போட்டது. இடது கை மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

“இங்க குடுங்க அம்மணி” என்று கையை நீட்டினார் முதலாளி.

கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் எழுதியதை ஒரு தடவை படித்தார். பெயரை இன்னொரு தடவை படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, என் பெயரை ஒரே கோட்டில் அடித்தார். அதன்மேல் தன் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, மை காய ஒரு ஊது ஊதி, துரையின் கையில் கொடுத்தார்.